மோரீசுத் தீவின் குளிர்காய்ச்சல்

மொரீஷியஸ் என்று பூகோள நூல்கள் குறிக்கும் தீவை, கரும்பு வெட்டக் கப்பலேறிய நம்மவர் மோரீசு என்றே வழங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், காய்ச்சல் அறியாத பூமி என்ற கீர்த்தி அத்தீவுக்கு இருந்தது. இந்தியாவில் சுரத்தால் உடல் வற்றிய ஆங்கில உத்தியோகஸ்தர்கள், சீமைக்குப் போய்வர அவகாசம் வாய்க்காதபோது, தேகம் தேறுவதற்கென்றே அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கித் திரும்புவதுண்டு. அத்தகைய தீவு, 1867 என்ற ஒரே வருஷத்தில், மூன்று லட்சத்துச் சில்லறை ஜனங்களில் 30,000 பேருக்கு மேல் மலேரியா என்னும் குளிர்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தது.

பழி கூலிகளின் தலையில் விழுந்தது. கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை; ஆனால் அது பாதி உண்மை. 1834 முதற்கொண்டே கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போர்ட் லூயி துறைமுகத்தில் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். துறைமுகக் கற்படிகளுக்கு மேலே அவர்களுடைய பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்ட குமாஸ்தாவும், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த வைத்தியரும் தேடியது வேறு நோய்களை. 1854-லும் 1856-லும் வாந்திபேதி தீவைச் சூறையாடியிருந்தபடியால், சந்தேகத்துக்கிடமான கப்பலைத் தட்டைத் தீவிலோ கானோனியே முனையிலோ ஒதுக்கி நிறுத்திவிட்டால் போதும் என்று சர்க்கார் நம்பியது. காய்ச்சலோ அப்படிப் பிடிபடுவதன்று. காய்ச்சல் அடிக்கும் முறைநாள் தவறி வந்திறங்கிய மனிதன் ஆரோக்கியசாலியாகவே தோன்றுவான். ஈரலிலும் இரத்தத்திலும் பதுங்கிய கிருமி, அவன் தோட்டத்துக் கொட்டடியில் பாய் விரித்துப் படுத்த பல வாரங்களுக்குப் பிறகு தலைதூக்கும். விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துப் பார்த்திருந்தால், நம் பாட்டிமார் காய்ச்சற்கட்டி என்று சொல்லும் வீங்கிய மண்ணீரல் விரலில் தட்டுப்பட்டிருக்கும்.

இதில் விந்தை என்னவென்றால், ஏறக்குறைய முப்பது வருஷகாலம் இப்படி வந்தவர்கள் முறைவைத்து நடுங்கியும், வியர்த்தும், பக்கத்துக் குடிசைக்காரனுக்கு ஒன்றும் நேரவில்லை. தீவில் கொசு இருந்தது; அது வேண்டிய ஜாதிக் கொசுவன்று. கிருமி வந்து, ஏறிச் செல்ல வாகனமில்லாமல், வந்த உடலிலேயே அடங்கிப்போயிற்று. அந்த வாகனமாகிய அனோபிலிஸ் கொசு, 1860-களில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தோ மடகாஸ்கரிலிருந்தோ வந்த ஏதோவொரு கப்பலில் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினர். கரும்புக்காகக் காட்டை அழித்து, வாய்க்கால் வெட்டி, கரையோரச் சதுப்புகளைக் கவனிப்பாரற்றுக் கிடக்கவிட்ட தீவில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. கூலியையும் கொசுவையும் ஏற்றிவந்த கப்பல்கள் துரைமாரின் வியாபாரக் கப்பல்களே என்பதை அந்நாளில் யாரும் உரக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தது கோரம். தலைநகரின் மயானங்கள் கொள்ளாமற்போகவே, வடக்கே புவா மார்ஷான் என்னுமிடத்தில் 1867-ல் ஒரு பெரிய இடுகாடு திறக்கப்பட்டது. சிலவே ஆண்டுகளுக்கு முன் சர்க்கரைக்கென்று போட்ட ரயில் பாதை பிணங்களைச் சுமந்தது. அதன் மற்றொரு கிளை, வசதியுள்ளவர்களைக் குளிர்ந்த மேட்டுநிலத்துக் க்யூர்பிப்புக்கு ஏற்றிச் சென்றது. அவ்வூர் நகரமாய் வளர்ந்ததே அந்தக் காய்ச்சலால்தான். கூலிக்காரனுக்கு மேடேது? அவன் கரையோரத் தோட்டத்திலேயே கிடந்தான்.

சிக்கந்தராபாத்தில் 1897-ல் கொசுவின் வயிற்றுக்குள் காய்ச்சற் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், நோபல் பரிசும் பெற்றபின், 1907-ன் இறுதியில் அத்தீவுக்கு வந்து மூன்று மாதம் தங்கினார். அவரது முதல் வேலை, தோட்டந்தோறும் பள்ளிதோறும் பிள்ளைகளை நிறுத்தி வயிற்றைத் தடவி மண்ணீரலைக் கணக்கெடுப்பது. துறைமுகப் படியில் யாரும் செய்யாத காரியம், நாற்பது வருஷம் கழித்து, அங்கேயே பிறந்த குழந்தைகளுக்குச் செய்யப்பட்டது!

1949 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள், கொசுவில் ஒரு ஜாதி அற்றே போயிற்று. 1973-ல் மலேரியா நீங்கிய நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இரண்டே வருஷந்தான். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் என்ற புயல் தீவைப் புரட்டிப்போட, விழுந்தவற்றைக் கட்டியெழுப்ப வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். அவர்களிற் சிலர் இரத்தத்தில் பழைய விருந்தாளியும் வந்தது. தெளிப்பிலும் உயிர்தப்பிய மற்றொரு ஜாதிக் கொசு புயல்மழைத் தேக்கங்களில் பெருகிக் காத்திருந்தது. 1982-ல் மட்டும் 623 பேர் படுத்தனர். தீவிலேயே தொற்றிய காய்ச்சல் மறுபடி ஓய 1997 ஆயிற்று.

இப்போது வாசற்காவலின் முறையே வேறு. காய்ச்சல் வழங்கும் நாடுகளிலிருந்து வருவோரின் விலாசத்தை விமான நிலையத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். யாரையும் தட்டைத் தீவுக்கு அனுப்புவதில்லை. பின்னொரு நாள் சுகாதார உத்தியோகஸ்தர் அந்த வீட்டுக்கே போய், காய்ச்சலுண்டா என்று விசாரித்து, விரல்நுனியை ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு போகிறார். சென்னைப் பக்கத்து உறவினர் கல்யாணத்துக்கு வந்து திரும்பிய தமிழ்க் குடும்பத்தின் கதவும் இவ்விதம் தட்டப்படுவதுண்டு. அவர்களுடைய பாட்டன் பூட்டன் எவரேனும் ஏறிய அந்தத் துறைமுகப் படிகளை, ஆப்ரவாசி காட் என்ற பெயரில் 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிப் பாதுகாத்து வருகிறார்கள்.