காப்பீட்டு பிரீமியத்துக்குள் அடங்கிய நிர்வாகக் கட்டணம்: எங்கே பார்ப்பது? எப்போது திரும்பப் பெறலாம்?

திருவனந்தபுரம்: காப்பீட்டுக்காக நாம் செலுத்தும் பணம் முழுவதும் காப்பீட்டுக்கே செல்வதில்லை. முகவர் தரகு, ஆவணப் பராமரிப்பு, அலுவலகச் செலவு ஆகியவையும் அதற்குள் அடங்கியுள்ளன. இவற்றுக்குத் தனி ரசீது தரப்படாததால், பாலிசிதாரர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

கேரள அரசு ஊழியர்கள், ஓய்வூதியதாரர்களுக்கான 'மெடிசெப்' மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கு இதைப் புரிந்துகொள்ள உதவும். 2022 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிய இத்திட்டத்தின் முதற்கட்டத்தில், மாதந்தோறும் ரூ.500 பிடித்தம் செய்யப்பட்டது. ஆண்டுக்கு இது ரூ.6,000. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கான ஆண்டு பிரீமியம் ரூ.4,800 மட்டுமே. அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.864-ஐச் சேர்த்தால் ரூ.5,664. எஞ்சிய ரூ.336 பிரீமியத்திலும் சேராது, வரியிலும் சேராது. சம்பளப் பட்டியலில் ஒரே வரியாகத் தெரியும் தொகைக்குள் மூன்று பகுதிகள் இருந்தன.

அரசுத் திட்டம் என்பதால் இந்தக் கணக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. தனிநபர் பாலிசியில் அதைப் பாலிசிதாரரே தேடிப் பார்க்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் எவ்வளவு?

மருத்துவ பாலிசியில் நிர்வாகச் செலவு தனியாகக் காட்டப்படுவதில்லை. பிரீமியத்தை நிர்ணயிக்கும்போதே சேர்க்கப்பட்டுவிடும். எனினும் இதற்கு உச்சவரம்பு உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) விதிகளின்படி, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் மொத்த பிரீமிய வருவாயில் 30 சதவீதம் வரையிலும், மருத்துவக் காப்பீட்டை மட்டும் வழங்கும் நிறுவனங்கள் 35 சதவீதம் வரையிலும் நிர்வாகத்துக்குச் செலவிடலாம். முகவர் தரகும் இதில் அடங்கும். இந்த வரம்பு நிறுவனத்தின் மொத்தக் கணக்குக்கானது. ஒவ்வொரு பாலிசிக்கும் தனித்தனியே பொருந்தாது.

யூலிப் பாலிசியில் மாதப் பிடித்தம்

பங்குச் சந்தையுடன் இணைந்த யூலிப் பாலிசிகளில் கட்டணங்கள் பெயர் குறிப்பிட்டே வசூலிக்கப்படுகின்றன. பாலிசி நிர்வாகக் கட்டணம் மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.500. பாலிசிதாரரின் கணக்கில் உள்ள யூனிட்களைக் குறைத்து இது ஈடுசெய்யப்படுவதால், கையிலிருந்து பணம் போவது தெரியாது. நிதி மேலாண்மைக் கட்டணம் ஆண்டுக்கு 1.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயுள் காப்புக்கான கட்டணம் தனி.

நிலையான கட்டணம் சிறிய பாலிசியையே அதிகம் பாதிக்கும். மாதம் ரூ.100 நிர்வாகக் கட்டணம் என்று கொள்வோம். ஆண்டுக்கு ரூ.1,20,000 செலுத்துபவருக்கு இது ஒரு சதவீதம். ரூ.12,000 மட்டுமே செலுத்துபவருக்கோ அதே கட்டணம் பத்து சதவீதம்.

கட்டணங்களால் குறையும் வருவாய்க்கும் ஐஆர்டிஏஐ வரம்பு விதித்துள்ளது. பத்தாம் ஆண்டு முடிவில் மொத்த வருவாய்க்கும் நிகர வருவாய்க்கும் இடையிலான வேறுபாடு 3 சதவீதப் புள்ளிகளையும், 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் சென்ற நிலையில் 2.25 சதவீதப் புள்ளிகளையும் மிஞ்சக் கூடாது. ஆயுள் காப்புக் கட்டணம் இக்கணக்கில் சேராது.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

யூலிப் வாங்குவோருக்கு 4 சதவீதம், 8 சதவீதம் என இரு வருவாய் மதிப்பீடுகளில் பலன் விளக்க அட்டவணை தரப்படும். ஒவ்வோர் ஆண்டும் எந்தக் கட்டணம் எவ்வளவு என்பது அதிலேயே இருக்கும். முதிர்வுத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாமல், கட்டணப் பகுதியையும் வாசிப்பது அவசியம். மருத்துவ பாலிசியுடன் வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் காப்பு வரம்பு, விலக்குகள், ரத்து விதிகள் ஆகியவை சுருக்கமாக இடம்பெற்றிருக்கும்.

தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு இல்லை. எனவே, தனிநபர் பாலிசியின் புதுப்பிப்பு ரசீதில் வரி சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்க்கலாம்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழி

பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள், நிபந்தனைகள் பிடிக்காவிட்டால் திருப்பி அளிக்கலாம். காப்பில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை ஆகியவற்றை மட்டுமே நிறுவனம் கழித்துக்கொள்ள முடியும். ஓராண்டு மருத்துவ பாலிசியை இடையில் ரத்து செய்ய ஏழு நாள் முன்னறிவிப்பு போதும். அதுவரை இழப்பீடு கோராதவருக்கு, எஞ்சிய காலத்துக்குரிய பிரீமியம் விகிதாசாரப்படி திரும்பக் கிடைக்கும். யூலிப் பாலிசியில் ஐந்தாம் ஆண்டு முதல் நிறுத்தக் கட்டணம் கிடையாது.

சொல்லப்படாத கட்டணம் பிடிக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கேரள மக்களுக்குக் கொச்சியிலும், தமிழ்நாட்டு மக்களுக்குச் சென்னையிலும் இவ்வலுவலகம் உள்ளது. ரூ.50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அங்கே முன்வைக்கலாம். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் பலன் விளக்க அட்டவணை, பிரீமிய ரசீதுகள், நிறுவனத்துடனான கடிதங்கள் ஆகியவற்றின் நகல்கள் கையில் இருக்க வேண்டும்.