வெயில் தரும் வைட்டமின் டி

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில்தான் வாழ்கிறோம். ஆனாலும் நம்மில் பலருக்கு வைட்டமின் டி குறைவு. பகல் முழுக்க வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் இருப்பது ஒரு முக்கியக் காரணம். வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர்கள் தோலில் நேரடியாகப் பட்டால்தான் இது உருவாகும். ஜன்னல் கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடும். இது குறைந்தால் உணவிலுள்ள கால்சியம் உடலில் சரியாகச் சேராது. குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையலாம். பெரியவர்களுக்கு எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் வரலாம்.

அதிகாலை வெயிலில் இந்தக் கதிர்கள் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே ஏற்றது. வெளியே உடலை மூடிச் செல்லும் பெண்கள், வீட்டு முற்றத்தில் கை, கால், முகத்தில் சிறிது நேரம் வெயில் படவிடலாம். மத்தி மீனும் முட்டை மஞ்சள் கருவும் உதவும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை எடுக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் கூடி, சிறுநீரகம் பாதிக்கப்படும்.