ஷிஹான் ஹுசைனி: ஒரு கராத்தே ஆசிரியரின் கதை

நிலாவெளியில் பெண்பிள்ளைகள் கராத்தே பழகினால் இன்று எவரும் புதினமாகப் பார்ப்பதில்லை. எமது காலத்தில் எமக்கு வலைப்பந்தும் எல்லேயும்தான். கராத்தேயைத் திரைப்படத்தில்தான் கண்டோம். 2001இல் வெளிவந்த 'பத்ரி'யில் விஜய்க்குப் பயிற்சி கொடுப்பவராக வந்தவர் நிஜத்திலும் கராத்தே ஆசிரியரே.

அவர் ஷிஹான் ஹுசைனி, மதுரையில் பிறந்தவர். 'ஷிஹான்' என்பது மூத்த ஆசிரியருக்கு யப்பானியர் வழங்கும் பட்டம். ஒகினாவாத் தீவின் பாடசாலை ஆசிரியர் கிச்சின் புனாகோஷி 1922இல் தோக்கியோவில் செய்துகாட்டிய பின்னரே கராத்தே யப்பானெங்கும் பரவத் தொடங்கியது. (புனாகோஷி வைத்தியராக விரும்பி, அது கைகூடாமல் ஆசிரியரானவர். எனக்குப் பிடித்த செய்தி இது.)

தமிழ்நாட்டில் அக்கலையைப் பரப்பியவர்களுள் ஹுசைனி முன்னணியில் நின்றார். தெலுங்கு நடிகர் பவன் கல்யாணும் அவரிடம் பயின்றவர். 1986இல் 'புன்னகை மன்னன்' மூலம் திரைக்கு வந்தாலும் கற்பித்தலை அவர் விடவில்லை. பின்னாளில் தமிழ்நாட்டில் வில்வித்தைச் சங்கத்தை நிறுவி நூற்றுக்கணக்கானோரைப் பழக்கினார்.

அவருடைய ஒரு பக்கத்தை வைத்தியராகிய என்னால் ஏற்க முடியாது. ஜெயலலிதாமீது கொண்ட பற்றினால் தன் குருதியாலேயே அவரை வரைந்தார். 2015இல் தன்னைச் சிலுவையில் அறையச் செய்தார். தானமாகக் கிடைக்கும் ஒரு பை இரத்தத்தைச் செங்கலம், குருதிச் சிறுதட்டு, திரவவிழையம் என்று பிரித்து மூவருக்குக் கொடுக்கலாம். அதைக் காகிதத்தில் பூசுவதை வீரம் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

அதே மனிதரை இரத்தப் புற்றுநோய் பிடித்தது. நாளொன்றுக்கு இரண்டு அலகு இரத்தம் தேவைப்படுகிறது என்று 2025இல் வைத்தியசாலையில் இருந்தபடி ஊடகங்களுக்குச் சொன்னார். எங்கள் பக்கத்தில் புற்றுநோயின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை, 'அந்த வருத்தம்' என்போம். அயலுக்குத் தெரியக்கூடாதென்று ஒளித்து, முற்றிய பிறகு வரும் பெண்கள் எத்தனை பேர்! ஹுசைனியோ நோயின் பெயரைச் சொன்னார். வில்வித்தை வளரவேண்டும் என்று படுக்கையிலிருந்தும் கேட்டுக்கொண்டார்.

முதலாம் வருட மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூற்றியல் மேசையில் ஓர் உடல் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். தன் உடலை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதாகவும், இதயத்தை மட்டும் தன் கராத்தே, வில்வித்தை மாணவர்களிடம் ஒப்படைக்கும்படியும் அவர் அறிவித்தார். அடுத்த சில நாட்களில், மார்ச் 25 அன்று, 60ஆவது வயதில் காலமானார்.