ஒன்பதாவது மாடி

பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டது. வாத்தியார் வேண்டுமென்றே குறைத்துவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. என்ன செய்வீர்கள்?

பி.காம். படித்த காலத்தில் நான் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, நான்கு மாதம் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கார்டு வந்தது. ‘மாற்றம் இல்லை.’ யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள்? மூச். அந்த இரண்டு வார்த்தையைவிட, அதற்கு முந்தைய நான்கு மாத மௌனம்தான் அதிகம் கடுப்பேற்றியது. அன்றைக்கு என் கையில் ஒரு கல் இருந்திருந்தால்... சரி, வேண்டாம்.

கனடாவில் ஆறு மாணவர்களுக்குக் கிட்டத்தட்ட இதே பிரச்னை வந்தது. அது முடிந்தபோது ஒரு கம்ப்யூட்டர் சென்டர் எரிந்து போயிருந்தது. 97 பேர் கைதாகியிருந்தார்கள். சேதம், இருபது லட்சம் டாலர்!

வருஷம் 1968. ஊர் மான்ட்ரியல். கல்விக்கூடத்தின் பெயர் சர் ஜார்ஜ் வில்லியம்ஸ் பல்கலைக்கழகம். பெயரைக் கேட்டு ராஜகம்பீரமாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒய்.எம்.சி.ஏ. நடத்திய மாலை நேர வகுப்புகளில் பிறந்த நிறுவனம் அது. ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கியவரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பகலில் வேலை, ராத்திரி படிப்பு என்று ஓடுகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவைத்த இடம்.

அந்தக் கதவு வழியாக வெஸ்ட் இண்டீஸ் மாணவர்களும் வந்தார்கள். நமக்கு கிரிக்கெட்டில் தெரிந்த அதே டிரினிடாட், பார்படாஸ், கயானா. 1962-ல் கனடா தன் குடியேற்ற விதிகளில் இருந்த நிறப் பாகுபாட்டைப் பெரும்பாலும் நீக்கியது. 1967-ல் படிப்பு, தொழில், மொழி பார்த்து மதிப்பெண் போடும் முறையையும் கொண்டுவந்தது. சட்டம் மாறிவிட்டது. மனசு? போனில் கேட்டால் காலியாக இருக்கும் வாடகை அறை, நேரில் போய் முகத்தைக் காட்டியதும் நிரம்பிவிடும். பனிக்கு ஸ்வெட்டர் வாங்கலாம். இதற்கு என்ன வாங்குவது?

1968 வசந்தத்தில்தான் அந்த ஆறு பேர் நிர்வாகத்திடம் போனார்கள். பெர்ரி ஆண்டர்சன் என்ற உயிரியல் விரிவுரையாளர் மீது புகார். எவ்வளவு நன்றாக எழுதினாலும் கறுப்பு மாணவர்களுக்கு ஒரு அளவுக்கு மேல் மார்க் ஏறுவதில்லை. மருத்துவம் படிக்க நினைக்கிறவனுக்கு உயிரியல் மார்க் என்றால் உயிர் இல்லையா? இன்னொரு சின்ன விஷயத்தையும் சொன்னார்கள். வெள்ளை மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், எங்களை மட்டும் ‘மிஸ்டர்’ போட்டு அழைக்கிறார்.

மிஸ்டர் என்றால் மரியாதைதானே என்று கேட்காதீர்கள். வீட்டில் எல்லோரையும் ‘வா, போ’ என்று பேசும் பெரியவர், உங்களை மட்டும் ‘வாங்க, உட்காருங்க’ என்றால் என்ன அர்த்தம்? நீ இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

ஆண்டர்சன் குற்றச்சாட்டை மறுத்தார். டீன் விசாரித்தார். புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தார். விவகாரம் இங்கேதான் முறுக்கிக்கொண்டது. அந்த முடிவை எங்களுக்கு யாரும் முறையாகச் சொல்லக்கூட இல்லை என்றார்கள் மாணவர்கள். கோடை விடுமுறை வந்தது, போனது. மறுபடி கேட்டார்கள். ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார்கள். அதில் யார் யார் உட்காருவது என்று அடுத்த சண்டை. எங்களைக் கேட்காமல் போட்ட கமிட்டியை நாங்கள் எப்படி நம்புவது?

1969 ஜனவரி 29. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே மாணவர்கள் எழுந்து வெளியேறினார்கள். நேராக அதே கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்குப் போனார்கள். அங்கே இருந்தது கம்ப்யூட்டர் சென்டர்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்பது மேஜைமேல் வைக்கிற சமாசாரம் இல்லை. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் யானை. தீனி, துளை போட்ட அட்டைகள். கோஷம் போட்டால் திரும்பிப் பார்க்காத நிர்வாகம், யானை கட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தால் பார்த்துத்தானே ஆகவேண்டும்?

பார்த்தது. பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. இரண்டு வாரம் மாணவர்கள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கினார்கள். கறுப்பர்கள் மட்டும் இல்லை, வெள்ளை மாணவர்களும் ஏராளம். பிப்ரவரி 10-ம் தேதி ஏறக்குறைய சமரசம் ஆகிவிட்டது. பலர் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் சுமார் நூறு பேர்.

ராத்திரியோடு ராத்திரியாக சமரசம் முறிந்தது. விடிவதற்குள் போலீஸ் வந்தது. மாணவர்கள் மேஜை நாற்காலிகளைக் குவித்து வழியை அடைத்தார்கள். ஜன்னல் வழியாக அட்டைகளையும் காகிதங்களையும் அள்ளி வீசினார்கள். கீழே தெருவெல்லாம் வெள்ளை. எது பனி, எது காகிதம் என்றே தெரியவில்லை. அப்போது உள்ளே தீ பிடித்தது. வைத்தது யார்? போலீஸ் மாணவர்களைக் கை காட்டியது. மாணவர்கள் போலீஸைக் கை காட்டினார்கள். இன்றுவரை அந்த வழக்கு தீரவில்லை.

புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவர்கள் காதில் தெருவிலிருந்து ஒரு கோஷம் கேட்டது. கீழே நின்ற கூட்டத்தில் சிலர், கறுப்பர்கள் எரியட்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக அந்த ஆறு பேர் எதை நிரூபிக்க முயன்றார்களோ, அதைத் தெரு அன்றைக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டது.

ஆண்டர்சன்? 1969 ஜூனில் கமிட்டி அவர்மீது குற்றம் இல்லை என்று அறிவித்தது.

தீ கடல் தாண்டிப் போனது. கைதானவர்களில் டிரினிடாட் மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக 1970 பிப்ரவரி 26-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஓர் ஊர்வலம். கனடா நாட்டு வங்கி ஒன்றின் முன்னால் போய் நின்றது. அன்றைக்குத் தொடங்கியது, ஏப்ரலில் நெருக்கடி நிலைப் பிரகடனத்திலும் ராணுவத்தில் ஒரு பகுதியின் கலகத்திலும் போய் முடிந்தது. மான்ட்ரியலில் ஒரு மார்க் தகராறு. டிரினிடாட்டில் அரசாங்கமே ஆடிப்போனது!

கைதானவர்களில் இரண்டு பேரை மட்டும் நினைவில் வையுங்கள். டொமினிகா தீவைச் சேர்ந்த ரூஸ்வெல்ட் டக்ளஸ். ஜெயிலில் போட்டார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். 2000-ல் அவர் டொமினிகாவின் பிரதமர். பாவம், அதே வருஷம் அக்டோபரில் இறந்துபோனார். இன்னொருவர் பார்படாஸில் பிறந்த ஆன் கூல்ஸ். அவருக்கும் சிறைத் தண்டனை. பிற்பாடு மன்னிப்பு கிடைத்தது. 1984-ல் கனடா செனட்டின் முதல் கறுப்பு உறுப்பினர் ஆனார். ஒருவரைத் துரத்தியும் இன்னொருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தும், இரண்டையும் செய்தது ஒரே கனடாதான்.

தீயை நியாயப்படுத்த நான் வரவில்லை. அது யாருடைய மார்க்கையும் கூட்டவில்லை. ஆனால் காமர்ஸ் படித்தவன் கணக்குப் பார்க்காமல் இருக்கமாட்டான். ஆறு பேரையும் உட்காரவைத்து, இன்ன காரணத்தால் இன்ன முடிவு எடுத்தோம் என்று ஒரு கடிதம் கொடுத்திருந்தால் என்ன செலவு ஆகியிருக்கும்? ஒரு தாள். கொஞ்சம் மை. கொடுக்காததற்கு இருபது லட்சம் டாலர்.

பாடம் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தின் முடிவெடுக்கும் சபைகளில் மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. 1971-ல் குறைகளைக் கேட்பதற்கென்றே தனி அலுவலகம் வந்தது. 1974-ல் லயோலா கல்லூரியோடு இணைந்து கன்கார்டியா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 2022 அக்டோபரில் அதன் தலைவர் 1969 சம்பவத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். புகார் கொடுத்து 54 வருஷம் கழித்து!

உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ யாராவது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனால், குறை கேட்கும் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தட்ட வேண்டிய அவசியம் வராமல் போகட்டும். ஆனால் அந்தக் கதவு அங்கே சும்மா முளைத்துவிடவில்லை.