ஜாலியன்வாலா பாக்: குருதியில் விளைந்த தோட்டம்

‘பாக்’ என்னும் பாரசீகச் சொல்லுக்குத் தோட்டம் என்பது பொருள். ஆயினும், 1919-இல் அமிர்தசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக், வீட்டுச் சுவர்கள் சூழ்ந்த வெற்றுத் திடலாகவே இருந்தது. மக்கள் குருதி சிந்திய பின்னரே அது தோட்டமாயிற்று.

ரௌலட் சட்டத்தை எதிர்த்த டாக்டர் சைபுத்தீன் கிச்லுவும் டாக்டர் சத்யபாலும் அவ்வாண்டு ஏப்ரல் 10 அன்று கைதாயினர். பைசாகித் திருநாளான 13 அன்று பல்லாயிரவர் அத்திடலில் கூடினர். ஜெனரல் டயர், ஒடுங்கிய சந்து வழியே படையினரை நடத்தி வந்து, எச்சரிக்கை ஏதுமின்றிச் சுட ஆணையிட்டான். 1650 குண்டுகள் பாய்ந்தன. மாண்டோர் 379 பேர் என்றது அரசு. மிகப் பலர் என்றனர் மக்கள். சீக்கியரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வீழ்ந்தனர். பலர் கிணற்றில் குதித்து மடிந்தனர்.

1920-இல் பொதுமக்கள் நன்கொடையால் அந்நிலம் வாங்கப்பட்டது. 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். பசும்புல்லுக்கும் பூஞ்செடிகளுக்கும் இடையே, குண்டு துளைத்த சுவரும் அக்கிணறும் காக்கப்படுகின்றன.

2021-இல் புதுப்பித்தபோது, அந்தச் சந்தின் சுவர்களில் சிற்பங்கள் அமைக்கப்பட்டன. பழைய தோற்றம் மறைந்ததென வரலாற்றறிஞர் சிலர் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதென்றே நாம் கருதுகின்றோம். தோட்டம் செழிக்கட்டும், ஆனால் வடு மறையலாகாது. மூன்று சமயத்தாரும் உயிர் நீத்த அம்மண், வாங்கியோர் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதமன்றோ!