வலிநிவாரணி அடிமைநிலை (அமெரிக்கக் கால்பந்து)

அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கின் (என்எப்எல்) ஆட்டக்காரர்கள், காயங்களுக்காக எடுத்துக்கொள்ளும் ஓபியாய்டு (அபினி வகை) வலிநிவாரணிகளை விட முடியாமல் போகும் மருத்துவ நிலை. வைகோடின், ஆக்சிகோடோன் ஆகியவை இவ்வகை மருந்துகளில் முக்கியமானவை. ஆட்டத்துக்கு முன் ஊசியாகப் போடப்பட்டுவந்த டோரடால் ஓபியாய்டு அன்று. அது அடிமைப்படுத்தாது எனினும் வலியை மறைத்துக் காயத்தை முற்றச்செய்யும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

முழங்கால், தோள், முதுகெலும்புக் காயங்கள் ஆறுமுன் களமிறங்குவதே இந்நிலையின் வேர். ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் முழுமையாக உறுதியளிக்கப்படாததால், ஓய்வெடுப்பவர் அணியில் இடத்தை இழக்க நேரிடலாம். எனவே இதைத் தனிமனிதப் பலவீனமாக மட்டும் கருதுவது பொருந்தாது.

கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர், வைகோடினுக்கு அடிமையானதை 1996 மே மாதம் வெளிப்படையாக அறிவித்துச் சிகிச்சைக்குச் சென்றார். 1997 ஜனவரியில் அவரது அணி லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுபெற்ற 644 என்எப்எல் ஆட்டக்காரர்களில் 52 விழுக்காட்டினர் ஆடிய காலத்தில் ஓபியாய்டு பயன்படுத்தியிருந்தனர். அவர்களில் 71 விழுக்காட்டினர் அதைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தனர். ரிச்சர்ட் டென்ட் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் வலிநிவாரணிகள் முறையின்றி வழங்கப்பட்டதாக லீக்கின் மீது 2014இல் தொடுத்த வழக்கு, அதே ஆண்டில் தள்ளுபடியாகி, 2018இல் மேல்முறையீட்டில் மீண்டும் உயிர்பெற்றது.

மருத்துவக் கண்காணிப்பில் நச்சுநீக்கம், பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்து, உளவியல் ஆலோசனை, மூலக்காயத்துக்கான இயன்முறை சிகிச்சை ஆகியவை மீட்சியின் வழிகள். மூட்டுவலி ஓய்வுக்குப் பின்னும் நீடிப்பதால் மறுவீழ்ச்சி அபாயம் தொடர்கிறது. ஓபியாய்டுக்கு மாற்றாகச் சிலர் வலிக்கு நாடும் கஞ்சாவைப் பொறுத்தவரை, லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2020 கூட்டு ஒப்பந்தம், கஞ்சாச் சோதனையில் சிக்குவோரை அதற்காக மட்டும் ஆட்டத்தடைக்கு உள்ளாக்கும் முறையைக் கைவிட்டது.