கன்னி வேட்டையும் தஞ்சாவூர்க் கிட்டியும்

வேட்டைக்குக் குறிஞ்சி, உழவுக்கு மருதம் என்று பயின்று வந்தவர்களுக்குக் காவிரிப் படுகையிலும் ஒரு வேட்டை உண்டு என்பது வியப்பாகத் தோன்றலாம். அங்கே மலையில்லை. கண்ணெட்டும் தொலைவுவரை வரப்பும் வாய்க்காலும் நாற்றங்காலுமே. ஆயினும் அம்மண்ணில் தந்தையின் பின்னே வரப்பில் நடந்து வேட்டை பயின்ற சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்துள்ளனர். அவர்கள் பயின்றது எலி வேட்டை. இதைக் கேட்டு நகைப்பவர் உண்டு. சங்கப் புலவர் நகைக்கவில்லை.

புறநானூற்றின் 324ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் வேட்டுவச் சிறுவர் சிலரைக் காட்டுகிறார். காட்டுப் பூனையின் மருண்ட பார்வை. பறவை ஊன் தின்று புலால் நாறும் வாய். உடைமரத்தின் உட்டுளையுள்ள வெண்முள்ளை ஊகம்புல்லின் மெல்லிய தண்டில் செருகி அம்பாக்கிக்கொள்கின்றனர். வளார் ஒன்றை வளைத்து வில்லாக்குகின்றனர். பருத்திக்கொல்லையின் வேலியோரம் காரெலிக்காகக் காத்து நிற்கின்றனர். பாட்டு ஒரு தலைவனைப் பாடவே எழுந்தது. இச்சிறுவர்கள் அவன் ஊரைச் சுட்டும் அடைமொழியில் வருபவர்களே. எனினும் அம்பு செய்யும் முறையைப் புலவர் விடாமல் சொல்லியிருப்பது நோக்கத்தக்கது. இச்சிறுவர் நிற்கும் இடமும் கருதற்குரியது. அவர்கள் நடுக்காட்டில் இல்லை. பயிரின் வேலியில் நிற்கின்றனர்.

சிறுவன் ஒருவன் வேட்டையில் முதலடி வைப்பதை முழுமையாக எழுதிய தமிழ்நூல் பெரியபுராணம். குன்றத்தூரிற் பிறந்து, இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக விளங்கினார் என்று மரபு கூறும் சேக்கிழார், காவிரிநாட்டு நெற்களஞ்சியத்தால் வாழ்ந்த ஓர் அரசின் நிழலில் 12ஆம் நூற்றாண்டில் அதனை இயற்றினார். சோழநாட்டார் கண்ணப்பரைப் போற்றியது அவருக்கும் முந்தியது. காவிரிக் கழிமுகத்துத் திருவெண்காட்டில் கிடைத்த சோழர்காலக் கண்ணப்பர் செப்புத்திருமேனி தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. கண்ணப்பர் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கண்ணை அப்பிய கட்டத்துக்கே விரைகின்றனர். அதற்கு முன் சேக்கிழார் பல பாடல்களில் விரித்த பிள்ளைப்பருவம் ஒரு மேடைச் சொற்பொழிவிலும் முழுதாக வருவதில்லை. இழப்பு கேட்போருக்கே.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனார், குழந்தையாய் இருந்தபோது பார்வைப் புலியின் வாயைக் குகை என்று எண்ணிக் கையை நீட்டுகிறார். தந்தை தழைக்கொம்பை ஓங்க, பிள்ளையின் கண்ணில் நீர் மல்குகிறது. சற்று வளர்ந்தபின் முயற்குட்டி, காட்டுப்பன்றிக் குட்டி, புலிக்குட்டி, செந்நாய்க் குட்டி ஆகியவற்றைத் துரத்தி ஓடிப் பிடித்துவந்து முற்றத்து மரங்களில் கட்டி வளர்க்கிறார். இங்கே ஒன்று எளிதில் தப்பிவிடும். பிள்ளைத் திண்ணனார் எதையும் கொல்லவில்லை, பிடிக்கிறார், வளர்க்கிறார். விலங்கின் ஓட்டமும் அச்சமும் அவருக்கு அம்முற்றத்திலேயே பழகிவிடுகின்றன. வில் பிடிப்பது அதற்குப் பின்னரே. அதற்கும் நல்ல நாள் பார்த்து, உறவினரை அழைத்து, ஆசிரியரிடம் ஒப்படைத்து விழா எடுக்கின்றனர்.

ஏறத்தாழப் பதினாறு வயதில் வருகிறது முதல் வேட்டை. அதற்குச் சேக்கிழார் வழங்கும் பெயர் கன்னி வேட்டை. அது நிகழ்ந்த காரணத்தை நூலே சொல்கிறது. நாகன் மூப்படைந்தான், திங்கள்தோறும் நடக்கவேண்டிய வேட்டை தாழ்ந்தது, பன்றியும் கரடியும் கடமையும் மானும் பெருகிப் புனங்களில் நெருங்கின, வேடர் திரண்டு வந்து முறையிட்டனர். ஆக, மகனை வேட்டைக்கு அனுப்பியது பொழுதுபோக்குக்காக அன்று. விளைநிலத்தின் முறையீட்டுக்கு விடையாகவே நாகன் உடைதோலையும் சுரிகையையும் மகன் கையில் தருகிறான். தேவராட்டி வாழ்த்துகிறாள்.

அவ்வேட்டையின் நடுவே ஒரு பாட்டில் வேடர்தம் விலக்குகளைச் சேக்கிழார் பதிவு செய்கிறார். யானைக் கன்றுகளைத் தொடர்வதில்லை; சிறு குருளைகளைக் கொல்வதில்லை; கருவுற்று நடை தளர்ந்து வருபவற்றை வருத்துவதில்லை. கொலைத்தொழிலர் எனப்பட்டோரிடத்து இத்தகைய கட்டுப்பாட்டைச் சைவப் பெரும்புலவர் ஒருவர் கண்டு எழுதியது சிறிய செய்தி அன்று. முதல் வேட்டைக்கு வந்த இளைஞன் அம்பு எய்யக் கற்பதோடு, எய்யாமல் விடவேண்டிய இடத்தையும் அங்கேயே கற்கிறான்.

அரண்மனை வேட்டையின் மரபு வேறு. 1826இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் பாதிரியார், இரண்டாம் சரபோசி மன்னரைப் புலி வேட்டையில் குறி தப்பாதவர் என்று புகழ்ந்து எழுதினார். இளமையில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் காப்பில் வளர்ந்து, சரசுவதி மகால் நூலகத்தை வளப்படுத்திய மன்னர் அவர். அவர்தம் குதிரையும் குறியும் ஏட்டில் இடம்பெற்றன. அதே நாளில் அதே நாட்டு வயல்களில் நெல்லைக் காத்தவனின் கருவி ஏட்டில் இடம்பெறவில்லை.

அக்கருவியே கிட்டி. மூங்கிலைப் பிளந்து வளைத்த சிறு வில், அதற்கொரு நாண், நடுவில் பொரியோ அரிசியோ இரையாக வைக்கப்படும். எலி இரையைத் தொட்டதும் வில் விடுபட்டுக் கழுத்தை நெரிக்கும். மாலையில் வயலில் வைத்து, விடியலில் எடுப்பர். நாட்டின் பிற பகுதிகளிலும் வேளாண்மைத் துறையினர் இதைத் ‘தஞ்சாவூர்க் கிட்டி’ என்றே அழைப்பது இப்படுகைக்குக் கிடைத்த பெருமை. தலையாட்டிப் பொம்மையையும் வீணையையும் ஓவியத்தையும் தஞ்சையின் பெயரோடு போற்றுவோர், அதே பெயரைத் தாங்கிய இவ்வில்லை நினைப்பதில்லை.

கிட்டி வைப்பது எளிது. வைக்கும் இடம் அறிவதே கலை. வரப்பில் காணும் வளைகளில் நண்டு வளை எது, எலி வளை எது என்று பிரித்தறிய வேண்டும். வாயிலில் புதுமண் தள்ளியிருந்தால் உள்ளே எலி உண்டு. பழைய வளையில் பாம்பு இருக்கக்கூடும். ஆகவே கையை விடக்கூடாது. அறுவடைக்குப்பின் வளையை வெட்டினால் உள்ளறையில் எலி சேர்த்துவைத்த நெற்கதிர்கள் கிடைக்கும். நிலமற்ற குடும்பத்துக்கு அது ஒருவேளைச் சோறு. இவற்றை எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. தந்தை வெட்டுவார், மறுவாயிலில் பிள்ளை காத்திருப்பான். ஆலத்தூர் கிழார் கண்ட வேலியோரக் காத்திருப்பே இது.

இக்கல்வியை அழகுபடுத்திப் பாடிவிடுவது கவிஞர்க்கு எளிது, அது நேர்மையாகாது. எலி பிடித்தவர் கூலி எலிக் கணக்கில் அளக்கப்பட்டது. எலிக்கறி உண்பவர் என்ற சொல் வசையாக வீசப்பட்டது. செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதி இருளர்கள் வளைக்குள் புகையை வாயால் ஊதி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டனர். படுகையில் கொக்கும் காடையும் பிடித்து வாழ்ந்த நரிக்குறவர்க்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியது. பாசிமணியும் ஊசியும் விற்கும் வாழ்வே எஞ்சியது. அவர்களுக்குப் பழங்குடித் தகுதி சட்டமாகக் கிடைக்க 2023 ஆகிவிட்டது. அதே சட்டம் எலியைத் தொல்லை உயிரியாக அட்டவணையிட்டு வேட்டைக்கு விட்டுவைத்தது. அவ்வட்டவணையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை இருக்கவேண்டிய இடம் வகுப்பறை. அது நியாயமே. ஆனால் அவ்வகுப்பறையில் புறநானூறு நடத்தும் ஆசிரியர், வேட்டுவச் சிறுவரின் முள்ளம்பை விளக்க அகராதியைப் புரட்டும்போது, அதனையொத்த வில் ஒன்றை விடியலில் வயலிலிருந்து எடுத்துவந்த வீட்டுப் பிள்ளை கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். தன் தந்தையின் தொழிலை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

அவன் வீட்டுக் கூரையில் செருகியிருக்கும் கிட்டிக்குக் கடையில் வாங்கவேண்டிய பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கத்தி, கொல்லை மூங்கில், முறுக்கிய நாண். உடைமுள்ளும் ஊகம்புல்லும் போலவே.